ஜெரோம் டிசூசா

ஜெரோம் டிசூசா (ஆகஸ்ட் 6, 1897 - ஆகஸ்ட் 12, 1977) கத்தோலிக்கக் குருவும் கல்வியாளரும் இந்திய அரசியல் நிர்ணய சபை உறுப்பினரும் ஆவார். சட்டமன்றத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட குருவாயினும், இவர் சபையில் இறைவேண்டல் நடத்த அமர்த்தப்பட்டவர் அல்லர். வாக்குரிமையுள்ள உறுப்பினராகவே பணியாற்றினார்.

வாழ்க்கை

மங்களூரில் பிறந்த இவர் இயேசு சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெற்றார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய பின், 1942 இல் சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள லயோலா கல்லூரியின் முதல்வரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் இவரே.

தேர்ந்தெடுக்கப்பட்ட முறை

சில நாடுகளின் சட்டமன்றங்களுக்கெனத் தனிக் குரு உண்டு. பிரித்தானிய மக்களவையில் அவரைச் சபாநாயகர் நியமிக்கிறார். அமெரிக்கக் காங்கிரசின் ஈரவைகளும் 1789 முதல் தத்தம் குருவைத் தாமே தேர்ந்தெடுத்து வந்துள்ளன. இந்திய அரசியல் நிர்ணய சபையில் இத்தகைய பதவி இருக்கவில்லை.

1946 இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒற்றை மாற்று வாக்கு முறையில் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். சுமார் பத்து இலட்சம் மக்களுக்கு ஓர் இடம் என்ற கணக்கில் சென்னை மாகாணத்துக்கு 49 இடங்கள் கிடைத்தன. அவற்றுள் 4 முஸ்லிம்களுக்கும் 45 பொதுப் பிரிவுக்கும் உரியவை. கிறித்தவர்களுக்கெனத் தனித் தொகுதி இல்லை. எனவே டிசூசா பொதுப் பிரிவிலேயே தேர்வானார். மயிலாப்பூர் வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரும் துர்காபாயும் இதே மாகாணத்திலிருந்து சென்றவர்கள். சபையிலிருந்த கிறித்தவக் குரு இவர் ஒருவர் மட்டுமல்லர். அசாமைச் சேர்ந்த நிக்கல்ஸ் ராயும் மதபோதகரே.

இந்திய அரசு எந்த மதத்தையும் சாராதிருக்க வேண்டும் என்று சபை விவாதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மயிலாப்பூர் மறைமாவட்ட ஆயர் நியமனத்தில் போர்த்துக்கல் அரசுக்கு இன்னும் உரிமை இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1950 இல்தான் போர்த்துக்கல் அவ்வுரிமையைக் கைவிட்டது. 1952 இல் சென்னை, மயிலாப்பூர் மறைமாவட்டங்கள் இணைக்கப்பட்டன.

சபையில்

மே 1, 1947 அன்று மதமாற்றம் பற்றிய விதி விவாதிக்கப்பட்டபோது இவரும் உரையாற்றினார். இவரது பணியில் முதன்மையானது இட ஒதுக்கீடு குறித்த நிலைப்பாடாகும். ஆகஸ்ட் 1947 இல் எடுக்கப்பட்ட முடிவின்படி, இந்தியக் கிறித்தவர்களுக்கு மத்திய சட்டமன்றத்திலும் சென்னை, பம்பாய் மாகாணச் சட்டமன்றங்களிலும் இடங்கள் ஒதுக்கப்படவிருந்தன. மத அடிப்படையிலான இந்த ஒதுக்கீட்டை நீக்கும் முன்மொழிவு மே 1949 இல் வந்தபோது டிசூசா அதனை ஆதரித்தார். சென்னை மாகாணக் கிறித்தவர்களைப் பொறுத்தவரை இது ஏட்டளவிலான இழப்பன்று. உறுதியாகக் கிடைக்கவிருந்த இடங்களை விட்டுக்கொடுத்து, ஏனையோரின் வாக்குகளை நம்பிப் போட்டியிட வேண்டிய நிலை அது. சபை முன்மொழிவை ஏற்றது.

அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று, அரசியலமைப்பின் முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச். வி. காமத் கொண்டுவந்த திருத்தம் 41க்கு 68 என்ற வாக்குகளில் தோற்றது.

பிற்காலம்

டிசூசா 1949 முதல் பலமுறை ஐக்கிய நாடுகள் பொது அவைக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்றார். 1951 இல் தொடங்கப்பட்ட இந்திய சமூக நிறுவனத்தை வழிநடத்தினார். பின்னர் உரோமையில் இயேசு சபைத் தலைமையகத்தில் பணியாற்றி இந்தியா திரும்பினார். 1977 இல் காலமானார்.