முதல் விமானத்தின் இயந்திரத்தைச் செய்தவர்

ரைட் சகோதரர்களை நாம் எல்லாரும் அறிவோம். அவர்களுடைய விமானத்தின் இயந்திரத்தைச் செய்தவர் யார் என்று கேட்டால் பலர் விழிப்போம். அவர் சார்ல்ஸ் டெய்லர்.

1868 மே 24ஆம் தேதி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த டெய்லர், 1901இல் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 18 டாலர்.

சகோதரர்களுக்கு எடை குறைந்த இயந்திரம் தேவைப்பட்டது. கார் நிறுவனங்களுக்கு எழுதிப் பார்த்தும் பொருத்தமானது கிடைக்கவில்லை. பொறுப்பு டெய்லரிடம் வந்தது. கடையில் இருந்தவை ஒரு கடைசல் இயந்திரம், ஒரு துளையிடும் இயந்திரம், சில கைக்கருவிகள், அவ்வளவுதான். முறையான வரைபடமும் இல்லை. காகிதத்தில் கிறுக்கிய படங்களே வழிகாட்டின.

கிராங்க் தண்டை அவர் செய்த விதம் என்னை வியக்க வைக்கிறது. எஃகுப் பலகையில் அதன் வடிவத்தை வரைந்தார். கோட்டையொட்டி வரிசையாகத் துளையிட்டார். உளியால் வேண்டாத பகுதியைத் தட்டி எடுத்து, மீதியைக் கடைந்தார். நான்கு சிலிண்டர் இயந்திரம் ஆறே வாரங்களில் உருவானது. 1903 பிப்ரவரி சோதனையில் அதன் அலுமினியப் பெட்டி உடைந்தது, புதிதாக வார்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, அந்த இயந்திரம் விமானத்தை 12 விநாடி பறக்க வைத்தது.

பழைய விமானங்களைப் பழுதுபார்க்கப் பயன்பட்ட ரேட்செட் சாவிகளிலும் இந்தக் கைத்திறனின் தடயம் தெரியும். சிலவற்றின் கைப்பிடி வெட்டப்பட்டிருக்கும் அல்லது வளைக்கப்பட்டிருக்கும். சிலவற்றின் ஓரம் மெலிதாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அது சேதமன்று. இடுக்கில் இருக்கும் திருகாணியை எட்டுவதற்காக ஒரு மெக்கானிக் செய்த மாற்றம். பொருத்தமான கருவி இல்லாவிட்டால் இருப்பதை வைத்துச் செய்துமுடிக்கும் அந்தப் பழக்கம் டெய்லரிடமும் இருந்தது.

ஆனால் புகழ் அவரைத் தேடி வரவில்லை. நிலத்தில் போட்ட பணத்தை இழந்தார். முதுமையில் மருத்துவமனையின் இலவசப் பிரிவில் இருந்தவருக்கு விமானத் துறையினர் நிதி திரட்டி உதவினர். 1956 ஜனவரியில், 87 வயதில் காலமானார்.

நான் விமானப் பராமரிப்புப் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது, மெக்கானிக் வேலைக்கு எதற்குப் பட்டம் என்று உறவினர் சிலர் கேட்டார்கள். விமானி நம்பிப் பறப்பது அந்த மெக்கானிக்கின் வேலையைத்தான். இன்று அமெரிக்காவில் டெய்லரின் பிறந்தநாள் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர் தினம். அவர் உயிரோடு இருந்தபோதே அந்த மரியாதை கிடைத்திருக்கலாம்.