குருவியிடம் பாடங்கேட்ட மருத்துவர்

1857ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மீரட்டில் சிப்பாய்ப் புரட்சி மூண்டது. மூன்று நாள் கழித்து, இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில், பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரி ஒருவருக்கு மகன் பிறந்தான். அவரே மலேரியாவின் மறைபொருளை அவிழ்த்த சர் ரொனால்டு ராஸ். அப்புரட்சியில் சிறைப்பட்டோருக்காக 1858இல் அந்தமானில் கைதிகள் குடியேற்றம் அமைந்தது. அத்தீவுகளிலும் ராஸ் 1880களில் மருத்துவப் பணி ஆற்றினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

கவிதையில் நாட்டம் மிக்க அவ்விளைஞர் தந்தையின் விருப்பத்துக்காகவே மருத்துவம் பயின்றார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில், கொசுவின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார்.

மறு ஆண்டு கல்கத்தா சென்றார். பிளேக் தடுப்பூசிக்கு அஞ்சியிருந்த மக்கள் சோதனைக்குக் குருதி தரவும் மறுத்தனர். ராஸ் சோர்ந்தாரில்லை, பறவைகளை நாடினார். நோயுற்ற பறவையைக் கடித்த கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணி வந்து தங்குவதை 1898 ஜூலையில் கண்டார். அக்கொசுக்கள் கடித்த நலமான குருவிகளும் நோயுற்றன. ஐயம் அகன்றது. 1902இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1932இல் மறைந்தார்.

குருவியின் பாடமோ அத்துடன் முடியவில்லை. ஒட்டுண்ணி உடலில் புகுந்தாலே நோய் முற்றிவிடுமா? இல்லை. பிழைத்த பறவையின் உடலில் அது நெடுநாள் பதுங்கியிருக்கும். உடலின் காவல் அதை அடக்கிவைக்கும். துன்புற்ற காலத்தில் உடலில் சுரக்கும் ஹார்மோனைச் சிட்டுக்குருவிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர் பிற்கால ஆய்வாளர். பதுங்கியிருந்த ஒட்டுண்ணி மீண்டும் பெருகியது! இரு வகை மலேரியா ஒட்டுண்ணிகள் ஒருங்கே தாக்கியபோது சில பறவையினங்கள் பெரிதும் நலிந்தன. சில தாங்கி நின்றன. எனவே பகைவன் யார் என்பது பாதிக் கணக்கே. கோட்டையின் நிலை என்ன என்பது மறுபாதி.

கோட்டையே இல்லாதார் கதி என்ன? ஹவாய்த் தீவுகளைப் பாருங்கள். 1826இல் கப்பலேறி அங்கே கொசு வந்தது. பறவை மலேரியாவும் பின்தொடர்ந்தது. அந்நோயை அறியாத தீவுப் பறவைகள் மாண்டன. எஞ்சியவை குளிர்ந்த மலைக் காடுகளில் ஒதுங்கின. பறவை அம்மையும் மலேரியாவும் ஒரே பறவையைப் பற்றுவதும் உண்டு. இன்றோ வெப்பம் ஏற ஏற, கொசுவும் மலையேறுகிறது.

ராஸ் பணியாற்றிய அந்தமானும் தீவுக்கூட்டமே. அதன் நார்க்கொண்டம் என்னும் சிறு தீவில் வாழும் இருவாச்சி இனம் உலகில் வேறெங்கும் இல்லை. அங்கே காடு குறைந்தால், புது நோய் கரையேறினால், அப்பறவை பறந்து ஒதுங்க இன்னொரு வீடு ஏது?

மாணவத் தோழர்களே! ராஸ் நுண்நோக்கியில் ஒட்டுண்ணியைக் கண்டார். அதனைத் தாங்கி நிற்கும் உயிரையும், அவ்வுயிரைத் தாங்கி நிற்கும் காட்டையும் சேர்த்துக் காண்பது நம் தலைமுறையின் கடன்.