பி.ஏ.வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையே: அம்பேத்கரின் 15 ஆண்டுகள்

அண்ணல் அம்பேத்கரின் பட்டங்களை வரிசையாகச் சொல்லிப் பெருமை கொள்வது நம் மேடைகளின் வழக்கம். ஒரு பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் இடையே கழிந்த ஆண்டுகளைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம். அவரது கல்வியில் பணமும் சாதியும் என்ன செய்தன என்பதை அந்த இடைவெளிகளில்தான் காண முடிகிறது.

பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் இடைநிலைத் தேர்வு முடிந்தபோது, மேற்கொண்டு படிக்கவைக்கும் வசதி குடும்பத்துக்கு இல்லை. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய மாதம் 25 ரூபாயில் படிப்பு தொடர்ந்தது. 1912இல் பொருளியலையும் அரசியலையும் சிறப்புப் பாடங்களாகக் கொண்டு பி.ஏ. தேறினார். பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சில நாட்களிலேயே, 1913 பிப்ரவரியில், தந்தை ராம்ஜி மறைந்தார். கைக்குழந்தையும் மனைவி ரமாபாயும் இருந்த வீட்டின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது.

அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் படிக்க மாதம் 11.5 பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்குப் பரோடா அரசு உதவித்தொகை அறிவித்தது. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் அவ்வரசிடம் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அவர் ஜூன் மாதம் கையெழுத்திட்டார். மன்னரின் பெருந்தன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது உரிமையாக வந்த பணமன்று. நிபந்தனையோடும் காலக்கெடுவோடும் வந்த பணம். பின்னர் நேர்ந்த பலவற்றுக்கு இந்த வேறுபாடே காரணம்.

ஜூலையில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. மூன்றே ஆண்டுகள் என்பதை அறிந்தவராய் அவர் படித்தார். பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. இவற்றோடு தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும். பொருளியல் மாணவர் ஒருவர் மானிடவியல் வகுப்பில் ஏன் அமர்ந்தார் என்பதற்கான விடை 1916 மே மாதம் தெரிந்தது. கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகளின் தோற்றம், இயங்குமுறை, பரவல் குறித்த கட்டுரையை அவர் படித்தார். முந்தைய ஆண்டு எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் பண்டைய இந்திய வணிகம்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிப்பதற்கான தேசிய உதவித்தொகையின் வழிகாட்டு நெறிகளை ஒன்றிய அரசு 2022இல் திருத்தியது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகள் விலக்கப்பட்டன. இந்த விதி அன்று இருந்திருந்தால், மேற்சொன்ன இரு தலைப்புகளுக்கும் விண்ணப்பிக்கவே அவருக்குத் தகுதி இருந்திராது.

1916 அக்டோபரில் லண்டன் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஓராண்டு முடியுமுன் உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஆய்வேடு முடியவில்லை. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதியோடு 1917இல் தாயகம் திரும்பினார். தனியே அனுப்பிய பெட்டிகள் சென்ற கப்பலை ஜெர்மானியர் மூழ்கடித்ததால், சேர்த்த நூல்களில் ஒரு பகுதி கடலில் போயிற்று.

ஒப்பந்தப்படி பரோடா சென்றவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளை எட்ட நின்று மேசைமேல் எறிந்தனர். பத்தாண்டுப் பணி ஒப்பந்தத்தை முறித்தது எவர் என்று வழக்கறிஞர்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. உழைப்பைத் தரக் கடமைப்பட்டவர் வந்து நின்றார். உழைக்க இடந்தர வேண்டிய ஊர் அவரைத் துரத்தியது.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல், பொருளியல் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர்களுக்கான பொதுக் குடத்தில் அவர் நீர் அருந்தியதைச் சக பேராசிரியர் சிலர் எதிர்த்தனர். அவர் வகுப்பைக் கேட்கப் பிற கல்லூரி மாணவர்களும் வந்தனர். அவரோ சம்பளத்தை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். அச்சேமிப்போடு கோல்ஹாப்பூர் சாகு மகராஜின் உதவியும், கொலம்பியா நண்பர் நவல் பத்தேனா கடனாகத் தந்த 5,000 ரூபாயும் சேர்ந்து 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். நான்காண்டு அனுமதி தீர ஓராண்டே எஞ்சியிருந்தது.

1921இல் எம்.எஸ்சி. கிடைத்தது. ரூபாயின் சிக்கல் பற்றிய டி.எஸ்சி. ஆய்வேட்டை மாற்றி எழுதுமாறு தேர்வாளர்கள் கூறியபோது கையில் பணம் தீர்ந்திருந்தது. பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி, 1923இல் பட்டம் பெற்றார். கொலம்பியா முனைவர் பட்டத்துக்கோ ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளை ஒப்படைக்க வேண்டும். மாகாண நிதி பற்றிய அந்நூல் 1925இல்தான் அச்சேறியது. பட்டம் 1927 ஜூனில் வந்தது. மகத் குளத்து நீரை அவர் அள்ளிப் பருகி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

1942இல் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து லின்லித்கோ பிரபுவிடம் அவர் மனு அளித்தார். உயர்கல்விக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது.