ஆட்டக்காரர்களை உருவாக்கிய புச்சிபாபு

உடன்குடி என்றால் கருப்பட்டி. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உடன்குடிப் பக்கத்துப் பையன்களைக் கேட்டால், பனைமரம் கருப்பட்டிக்காக மட்டும் நிற்கவில்லை என்பார்கள். கிரிக்கெட் மட்டைக்காகவும்தான் நிற்கிறது!

கீழே விழுந்து கிடக்கும் பனைமட்டையை எடுக்க வேண்டியது. இரண்டு ஓரத்திலும் ரம்பம் போல இருக்கும் கருக்கை அரிவாளால் சீவ வேண்டியது. ஓலைப் பக்கம் ஒல்லியாக இருக்கும். அது கைப்பிடி. மரத்தைப் பிடித்துக் கொண்டிருந்த பக்கம் அகலமாக இருக்கும். அது பந்தை அடிக்கிற பக்கம். மூன்று குச்சிகளை மண்ணில் நட்டால் ஆட்டம் தயார். காலணா செலவு கிடையாது.

இது வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்த ஆட்டம். ஒரு காலத்தில் இதை அவர்கள் மட்டுமே ஆடினார்கள். நம்மவர்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களை உள்ளே கொண்டு போய், மட்டையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த மனிதர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர் பெயர் புச்சிபாபு நாயுடு.

பெரிய வீட்டுப் பிள்ளை

புச்சிபாபு என்பது வீட்டில் செல்லமாக அழைத்த பெயர். உண்மைப் பெயர் மோதவரபு வேங்கட மகிபதி நாயுடு. 1868-ம் ஆண்டு பிறந்தார். தெலுங்குக் குடும்பம்.

தாய்வழிப் பாட்டனார் மோதவரபு டேரா வேங்கடசாமி நாயுடு பெரும் பணக்காரர். பாரி கம்பெனியில் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்றால் இரண்டு மொழி பேசுகிறவர் என்று அர்த்தம். துரைமார்களுக்கும் நம் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று பேசி முடிப்பது துபாஷின் வேலை. அந்த வேலையில் செல்வம் குவிந்தது.

மயிலாப்பூரில் லஸ் என்ற இடம் இருக்கிறது. அங்கே லஸ் ஹவுஸ் என்று ஒரு மாளிகை. மாளிகையைச் சுற்றிப் பெரிய தோட்டம். குதிரைகள், வண்டிகள், வேலைக்காரர்கள். புச்சிபாபு அந்த வீட்டில்தான் வளர்ந்தார். அவரை வளர்க்க ஒரு வெள்ளைக்கார அம்மாளையே வைத்தார் பாட்டனார். நடை, உடை, பேச்சு எல்லாம் துரை வீட்டுப் பிள்ளையைப் போலவே வந்தன.

சேப்பாக்கம் மைதானத்தில் துரைமார்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சிறுவன் புச்சிபாபு அதைப் பார்த்தார். பார்த்த நாள் முதல் அந்த ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிடித்தது.

சேப்பாக்கத்தில் இருந்த கோடு

சேப்பாக்கம் மைதானம் அப்போது மதராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. 1846-ல் தொடங்கிய கிளப் அது. வெள்ளைக்காரர்கள் மட்டுமே அதில் அங்கத்தினர். நம்மவர்கள் எவ்வளவு படித்திருந்தாலும், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், உள்ளே சேர முடியாது.

ஆட்டத்துக்கு அழைப்பதுண்டு. ஆனால் ஆட்டத்தின் நடுவே சாப்பாட்டு நேரம் வருமே, அப்போது தெரியும் வித்தியாசம். வெள்ளைக்காரர்கள் மாடத்துக்குள் போய் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களோடு காலையிலிருந்து அதே வெயிலில் ஆடிய இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

பந்து வீசும்போது இரண்டு பேரும் சமம். பசிக்கும்போது மட்டும் ஒருவர் மாடத்தில், ஒருவர் மரத்தடியில்!

புச்சிபாபுவுக்கு இது பொறுக்கவில்லை. துரைமார்களில் பலர் அவருக்கு நண்பர்கள். அவர்களைப் போலவே உடுத்துகிறவர், அவர்களைப் போலவே பேசுகிறவர். இருந்தும் மரத்தடிதான். கோபம் வந்தால் மட்டையை வீசி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர் அப்படிச் செய்யவில்லை. நமக்கென்று ஒரு கிளப் வேண்டும், அதில் ஆட்டக்காரர்களைப் பழக்கி, சேப்பாக்கத்துக்கே அழைத்து வந்து சமமாக மோத வேண்டும் என்று நினைத்தார்.

1888-ம் ஆண்டு அந்தக் கிளப் பிறந்தது. மதராஸ் யுனைடெட் கிளப் என்று பெயர். கோட்டைக்கு அருகே எஸ்பிளனேடு மைதானத்தில் ஆட்டம். புச்சிபாபுவுக்கு அப்போது வயது இருபதுதான்.

மட்டை இல்லாதவருக்கு மட்டை

கிளப் தொடங்கியாயிற்று. ஆட ஆள் வேண்டுமே? ஆசை இருந்தவர்கள் ஏராளம். கையில் மட்டை இருந்தவர்கள் குறைவு. கிரிக்கெட் செலவு பிடிக்கிற ஆட்டம். மட்டை, பந்து, கால் கவசம், கையுறை எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். சாதாரணக் குடும்பத்துப் பையன் எங்கே போவான்?

புச்சிபாபு தம் பணத்தில் வரவழைத்தார். ஆட்டத்துக்கு வேண்டிய சாமான்களும் உடைகளும் அவர் செலவு. வசதி இல்லாதவர்கள் வேட்டியோடு வந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. பந்தைச் சரியாகப் பிடிக்கிறானா என்பதுதான் கணக்கு.

பணம் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. பணக்காரர்கள் பலர் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் வெயிலில் நின்றார். லஸ் ஹவுஸ் தோட்டத்திலேயே ஆடுகளம் இருந்தது. அங்கே பழக்கம் நடக்கும். மட்டையை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே வைப்பது, எந்தப் பந்தை அடிப்பது, எதை விடுவது என்று தாமே சொல்லிக் கொடுத்தார். அவரே நல்ல ஆட்டக்காரர் ஆனதால் சொன்னதைச் செய்து காட்ட முடிந்தது.

ஒரு பையனிடம் திறமை இருக்கலாம். மண்ணுக்குள் கிடக்கும் பனங்கொட்டை மாதிரிதான் அது. சும்மா விட்டால் பல கொட்டைகள் அப்படியே போய்விடும். எடுத்துப் பாத்தியில் போட்டால் கிழங்கு ஆகும். புச்சிபாபுவின் கிளப் அப்படி ஒரு பாத்தியாக இருந்தது. அதைப் பார்த்து மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பிறகு கிளப்புகள் வளர்ந்தன.

சீமையில் நடந்தது

சீமையிலும் அதே காலத்தில் இப்படி ஒரு வேலை நடந்தது. அங்கே ரக்பி என்று ஒரு ஆட்டம் உண்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு, மறிப்பவர்களைத் தள்ளிக் கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம். நம் ஊர் சடுகுடு ஆடுகிறவர்களுக்குப் பார்த்தவுடன் பிடிக்கும்.

கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி. ஒவ்வொரு கவுண்டியிலும் ரக்பி சங்கம் அமைத்தார்கள். ஊர்க் கிளப்புகளில் நன்றாக ஆடுகிறவர்களைக் கவுண்டிக் கோஷ்டிக்கு எடுத்தார்கள். கவுண்டிகளுக்குள் போட்டி வைத்தார்கள். 1889-ல் முதல் பட்டம் யார்க்ஷயர் கவுண்டிக்குக் கிடைத்தது. அதில் நன்றாக ஆடினால் நாட்டுக் கோஷ்டிக்குப் போகலாம். ஊர், ஜில்லா, நாடு என்று ஏணிப்படி.

அந்த ரக்பி இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவில் 1873-ல் கிளப் வைத்தார்கள். ஆனால் ஆடியவர்கள் அங்கே இருந்த வெள்ளைக்காரர்களும் பட்டாளத்தார்களும்தான். பட்டாளம் ஊர் மாறியது, ஆட்கள் குறைந்தார்கள். 1878-ல் கிளப்பைக் கலைத்தார்கள். பாங்கியில் மிச்சம் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு வடிவம். மூடி மேல் யானை. அதைச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் கல்கத்தாக் கோப்பைக்காக மோதுகின்றன.

கோப்பை சீமைக்குப் போயிற்று. ஆட்டமும் கல்கத்தாவில் படுத்துவிட்டது. உள்ளூர்ப் பையன்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்க அங்கே ஒரு புச்சிபாபு இருந்திருந்தால், கதை வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

பார்க்காமல் போன பந்தயம்

கிளப் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடின. பையன்கள் ஆட்டக்காரர்கள் ஆனார்கள். புச்சிபாபுவின் மனத்தில் பழைய ஆசை அப்படியே இருந்தது. சேப்பாக்கத்தில், வெள்ளைக்காரர் கோஷ்டியும் இந்தியர் கோஷ்டியும் நேருக்கு நேர் மோத வேண்டும். ஒரு தடவை மோதினால் போதாது. ஆண்டுதோறும் மோத வேண்டும்.

பேசினார். விடாமல் பேசினார். மதராஸ் கிரிக்கெட் கிளப்பாரும் கடைசியில் சம்மதித்தார்கள். 1908-ல் பந்தயத்துக்கு ஏற்பாடு ஆயிற்று. பிரசிடென்சி பந்தயம் என்று பெயர்.

இந்தியர் கோஷ்டி தயாராகிக் கொண்டிருந்தது. டிசம்பர் மாதம் வந்தது. பந்தயம் நெருங்கிக் கொண்டிருந்த வேளையில் புச்சிபாபு காலமானார். வயது நாற்பது. எந்தக் காட்சிக்காக இருபது ஆண்டு உழைத்தாரோ, அந்தக் காட்சியை அவர் கண்கள் பார்க்கவில்லை.

பந்தயம் நிற்கவில்லை. அவர் பழக்கியவர்கள் மைதானத்தில் இறங்கினார்கள். பிறகு அது நிலைத்த பந்தயமாகி, பொங்கல் சமயத்தில் சென்னையின் திருவிழா ஆயிற்று. 1915 முதல் முதல் தரப் பந்தயமாகக் கணக்கில் சேர்ந்தது. 1952 வரை நடந்தது. சி. கே. நாயுடு போன்ற பெரிய ஆட்டக்காரர்களும் இந்தியர் கோஷ்டியில் ஆடினார்கள்.

தகப்பன் இல்லாத பிள்ளைகள்

புச்சிபாபு இறந்தபோது மகன் ராமசாமிக்குப் பன்னிரண்டு வயது. தத்துப் போனவர் ஆகையால் இவருடைய பெயருக்கு முன் கோட்டா என்ற வேறு குடும்பப் பெயர் வரும். அண்ணன் தம்பிகள் வேங்கடராமானுஜுலு, பாலையா இருவரும் கிரிக்கெட் ஆட்டக்காரர்களே.

ராமசாமி இரண்டு ஆட்டங்களில் கெட்டிக்காரர். கேம்பிரிட்ஜில் படித்தார். 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். 1936-ல் இந்திய கிரிக்கெட் கோஷ்டி சீமைக்குப் போனபோது அவரையும் சேர்த்தார்கள். மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது நாற்பது. தகப்பனார் கண்ணை மூடிய அதே வயது! முதல் ஆட்டத்தில் 40 ஓட்டம், இரண்டாவது ஆட்டத்தில் 60 ஓட்டம் எடுத்தார். நாற்பது வயதில் ஓய்வு பெறுகிறவர்கள்தான் அதிகம். இவர் அப்போதுதான் தொடங்கினார்.

அதே கப்பல் பயணத்தில் எம். ஜே. கோபாலன் என்பவரும் போனார். அவர் புச்சிபாபு இறந்த மறு ஆண்டு, 1909-ல், பிறந்தவர். மொறப்பாக்கம் என்ற சிற்றூர்ப் பெயர் அவர் பெயருக்கு முன்னால் நிற்கிறது. திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். ஜான்ஸ்டன் என்ற துரை அவர் பந்து வீசுவதைப் பார்த்து வியந்தார். பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைத்தது. 1934 நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் தொடங்கியது. அதில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். எதிர்க் கோஷ்டி மைசூர். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. சென்னைக்கு வெற்றி.

கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி ஆடப் போவதா, சீமைக்குக் கிரிக்கெட் ஆடப் போவதா என்ற கேள்வி எழுந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஹாக்கிக் கோஷ்டியோ தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. பாவம்!

வெளியூர்ப் பையன்கள்

புச்சிபாபுவின் வேலையில் ஒரு குறையும் சொல்ல வேண்டும். எல்லாம் சென்னைக்குள் நடந்தது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, எஸ்பிளனேடு. தாமிரபரணிக் கரையிலோ, தேரிக் காட்டிலோ திறமையோடு ஒரு பையன் பிறந்தால், அவன் சென்னைக்கு ரயிலேற வேண்டியதுதான். ஒரு தனி மனிதர் அதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும் என்றும் கேட்கலாம். மற்ற ஜில்லாக்களுக்கு ஏணிப்படி வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

அவர் நினைவாக 1909-10 முதல் சென்னையில் ஒரு போட்டி தொடங்கியது. முதலில் கிளப்புகளுக்குள் நடந்தது. 1960-களில் வெளி மாநிலங்களிலிருந்தும் கோஷ்டிகள் வரத் தொடங்கின. ரஞ்சிக் கோப்பை ஆடுவதற்கு முன்னால் இளைஞர்கள் தங்களைச் சோதித்துப் பார்க்கும் இடமாக ஆயிற்று. நடுவில் சில ஆண்டுகள் நின்று போனது. 2023-ல் மறுபடியும் தொடங்கினார்கள்.

மறு ஆண்டு, 2024-ல், போட்டியைச் சென்னைக்கு வெளியே நான்கு இடங்களில் வைத்தார்கள். கோவை ஒன்று. சேலம் ஒன்று. திண்டுக்கல்லை அடுத்த நத்தம் ஒன்று. நான்காவது திருநெல்வேலி. அந்த ஆண்டுக் கோப்பையை ஐதராபாத் கோஷ்டி வென்றது.

உடன்குடியில் பஸ் ஏறினால், திருச்செந்தூர் வழியாக அரை நாளைக்குள் திருநெல்வேலி போய், ஆட்டம் பார்த்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.