ஒளியாராய்ந்த கிருஷ்ணன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு அணித்தாக அமைந்த ஊர் வத்திராயிருப்பு. அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் தேதி பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். அவருடைய தந்தையார் தமிழும் வடமொழியும் கற்றவர். இளமையில் தந்தையாரிடம் பெற்ற இலக்கியப் பற்று, பிற்காலத்தில் பௌதிக நூலில் உலகம் போற்றும் புலமை எய்திய பின்னும் கிருஷ்ணனை விட்டு நீங்கவில்லை. தமிழ் பயிலும் நமக்கு இச்செய்தி சிறிது பெருமிதந் தருகின்றது என்பதை மறைப்பானேன்?

திருவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். கிறிஸ்தவக் கல்லூரி அக்காலத்தில் தாம்பரத்திற்குப் பெயர்ந்திலது; சென்னை நகருக்குள்ளேயே இருந்தது. பட்டம் பெற்றபின் அவர் அக்கல்லூரியிலேயே இரசாயனப் பகுதியில் செய்முறை பயிற்றுவிக்கும் உதவியாளராக அமர்ந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வர். பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகிய எதனைப் பற்றியும் எவரும் வினவலாம். பிற கல்லூரி மாணவர்களும் இதன்பொருட்டு வந்தனர். மாணவரின் நண்பகல் இடைவேளை வழக்கமாக எவ்வாறு கழியும் என்பதை நம் வாசகர் அறிவர். ஆதலின் இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1920-இல் அவர் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கே அவரை ஈர்த்தவர் சி. வி. இராமன். அரசாங்கக் கணக்கு இலாகாவில் பெற்றிருந்த உயர்ந்த உத்தியோகத்தைத் துறந்து, 1917-இல் கல்கத்தா சர்வகலாசாலையின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றவர் அவர். பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், இந்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் அவரைச் சூழ்ந்து உழைத்தனர். கிருஷ்ணன் 1923-இல் அக்குழுவிற் சேர்ந்தார்.

அவருக்கு முதலில் அளிக்கப்பெற்ற வேலை பொறுமையைச் சோதிப்பது. 65 திரவங்களைத் துப்புரவாக வடித்தெடுத்து, ஒவ்வொன்றும் ஒளியை எவ்வாறு சிதறடிக்கின்றது என அளந்தறிதல் வேண்டும். திரவத்தில் ஒரு தூசி மிதந்தாலும் அளவு பிழைபடும். இவ்வாராய்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு புதிர் எழுந்தது. சூரிய ஒளியை நீல ஊதாக் கண்ணாடி ஒன்றின் வழியே திரவத்திற் செலுத்தி, அந்நிறத்தை முற்றும் தடுக்கும் மஞ்சட் பச்சைக் கண்ணாடி வழியே நோக்கினால், கண்ணுக்கு ஒன்றும் தோன்றலாகாது. ஆயினும் மிக மங்கலான ஓர் ஒளித்தடம் தோன்றியது. 1923-இல் இராமநாதன் என்னும் மாணவர் இதனை நீரிற் கண்டார். திரவத்தில் எஞ்சிய மாசு காரணமாக எழும் ஒளிர்வு என்றே முதலிற் கருதினர். எத்துணை முறை வடித்தும் அது அகன்றிலது. கிருஷ்ணனும் தம் திரவங்கள் சிலவற்றில் அதனைக் கண்டு குறித்தார். எனினும் அதன் பொருள் அன்று எவருக்கும் விளங்கவில்லை.

பின்னர்ச் சிறிது காலம் அவர் கணக்கிலும் கொள்கையிலுமே ஆழ்ந்திருந்தார். விஞ்ஞானி செய்முறையை விட்டு நெடுநாள் விலகியிருத்தல் நன்றன்று என்று ஆசிரியர் வற்புறுத்த, 1928 பெப்ருவரித் தொடக்கத்தில் மீண்டும் ஆய்வுமேசைக்கு வந்தார். நல்லூழாக, 5-ஆம் தேதி முதல் அவர் ஒரு நாட்குறிப்பும் எழுதலானார். பெரிய கண்டுபிடிப்பு ஒன்று நாள்தோறும் எவ்வாறு உருப்பெற்றது என்பதை நாம் அறிவது அக்குறிப்பினாலே. 7-ஆம் தேதி, தூய திரவங்கள் பலவற்றிலும் அந்த மங்கலொளி தோன்றுவதையும், அது சாதாரண ஒளிர்வைப் போலன்றி ஒரு திசைப்பட்ட அதிர்வுடையதாய் இருப்பதையும் கண்டார். ஆசிரியர் தம் கண்ணாலேயே நோக்கி உறுதிசெய்தார். அன்றிரவே இராமன், கிராமர்சும் ஹைசன்பெர்கும் கணக்கினாற் கூறியிருந்த விளைவு இதுவே என்னும் எழுச்சியோடு மாணவர் வீட்டைத் தேடி வந்தார். ஆசிரியர் மாணவரைத் தேடிவந்த அவ்விரவு நம் உள்ளத்தை மிகவும் கவர்கின்றது.

27-ஆம் தேதி வீட்டில் நிகழ்ந்த சமயச் சடங்கினால் கிருஷ்ணன் கழகத்திற்குச் செல்லவில்லை. மறுநாளும் பிற்பகலிலேயே சென்றார். இராமனும் அவரும் வழக்கமான கண்ணாடியோடு யுரேனியக் கண்ணாடி ஒன்றையுஞ் சேர்த்து, ஒளியின் நிற எல்லையைக் குறுக்கி, நிறமாலைகாட்டியால் நோக்கினர். உட்சென்ற ஒளிக்கும் புதிய ஒளிக்கும் இடையே இருண்ட வெளி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒளி, திரவத்தின் மூலக்கூறுகளோடு தன் ஆற்றலிற் சிறிது கொடுத்தும் வாங்கியும் நிறம் மாறி வெளிப்படுகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது.

1930-இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. விளைவுக்கும் அவர் பெயரே நிலைத்தது. இதனை அநீதி என்பாரும் உளர். அவ்வாறு முழுதும் சொல்ல நமக்கு மனமில்லை. கடல்நீரின் நீலத்திற்குக் காரணந் தேடி 1921 முதல் அவ்வாராய்ச்சியை நடத்தியவர் இராமனே. 1928 மார்ச்சு 16-ஆம் தேதி பெங்களூரில் நிகழ்த்திய பேருரையில் கிருஷ்ணனின் துணையை அவர் நன்றியோடு கூறியுமிருக்கின்றார். ஆயின், நேச்சர் இதழில் 1928 மார்ச்சு 31-ஆம் தேதி வெளியான முதற்கட்டுரையில் இருவர் பெயரும் உள்ளமையும், அப்பெப்ருவரியில் திரவங்களை நாள்தோறும் நோக்கிய கண்கள் கிருஷ்ணனுடையன என்பதும் மறக்கற்பாலன அல்ல. பள்ளிப் புத்தகங்கள் இதனை ஒரு வரியிலேனும் எழுதலாம்.

கிருஷ்ணன் அதனை எண்ணித் தேங்கி நிற்கவில்லை. 1928 டிசம்பரிலேயே டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்று, ஒளியை விட்டுப் படிகங்களின் காந்த இயல்பை ஆராய்ந்தார். மெல்லிய படிகக்கல் இழையொன்றிற் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தத்தின் நடுவே அது திரும்புவதைக் கொண்டு, படிகத்துள் மூலக்கூறுகள் கிடக்கும் நிலையைக் கண்டறிந்தார். 1933-இல் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தாவுக்கு மீண்டார். 1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். 1942-இல் அலகாபாத் சர்வகலாசாலைக்குச் சென்றார். 1946-இல் ஸர் பட்டம் பெற்றார். 1947-இல் டெல்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். பதவியின் பளு மிகுந்த அந்நாளிலும், வெற்றிடத்திற் பழுக்கக் காய்ச்சிய கம்பிகளின் வெப்பநிலையைக் கணக்கிட்டு, ஆராய்ச்சியை விடாது நடத்தினார்.

1960-இல் அமெரிக்காவில் மைமான் முதல் லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் கிருஷ்ணன் டெல்லியிற் காலமானார். பாதரச விளக்கின் எதிரே ஒளிப்படத் தகட்டை மணிக்கணக்காக வைத்துக் காத்திருந்து பெறவேண்டிய கோடுகளை, ஒரே நிறமும் பெருவலியுமுடைய லேசர் இன்று நொடிப்பொழுதில் தருகின்றது. மருந்துத் தூளையும் மணிக்கல்லையும் சிதையாமலே இனங்காண, உலகெங்கும் சர்வகலாசாலை மாணவர்கள் அம்முறையைக் கையாளுகின்றனர்.