நாதஸ்வரச் சக்கரவர்த்தி

செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசிமகத்தில் நாயனச் சத்தம் கேட்டு நின்றிருப்பீர்கள். அந்த நீண்ட கருவிக்குப் பின்னால் ஒரு கதை இருக்குது, கேளுங்கள்.

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை 1898-ல் பிறந்தவர். அந்நாளில் இருந்தது திமிரி என்னும் குட்டை நாயனம். சுருதி உச்சத்தில் நிற்கும். சுத்த மத்திமம் சரியாய்ப் பேசாது. பிள்ளை சும்மா விடவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட பாரி நாயனத்தைக் கையில் எடுத்தார். சுருதி இறங்கியது, நாதம் கனத்துக் குழைந்தது, தோடி மழையாய்ப் பொழிந்தது. 1947 சுதந்திர வேளையில் டில்லியிலும் அது முழங்கியது. 1956-ல் பிள்ளை மறைந்தார்.

பிள்ளைகளே! ஊதியவர் பேரை ஊரே அறியும், கடைந்தவரையும் மறந்துடாதீங்க. தோட்டத்தில் கருவி பிடித்து உழைக்கும் உங்கள் அப்பா அம்மா கைகளுக்கும் அதே மரியாதை உண்டு.