சுப்பாராவ் கண்ட எரிபொருள்

பழவேற்காடு ஏரிக்கரையின் கோட்டைக்குப்பத்தில் வலை இழுக்கும் மீனவரின் தோள்தசையில் இரண்டு வேதிப்பொருள்கள் நொடிதோறும் கரைந்து, நொடிதோறும் மீண்டும் உருவாகின்றன. ஒன்று பாஸ்போகிரியேட்டின், மற்றொன்று ஏ.டி.பி. இவ்விரண்டையும் 1927-இலும் 1929-இலும் சைரஸ் ஃபிஸ்கேவுடன் இணைந்து உலகுக்கு அறிவித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னையில் படித்து ஆளானவர், சென்னை மறந்துவிட்டவரும்கூட.

1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் கதர் அங்கி அணிந்தது அறுவைச் சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கைக்கு வந்தது. சில காலம் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அங்கே மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை பார்த்தே வயிறு வளர்த்தார். தாயகம் திரும்பவே இல்லை.

ஹார்வர்டில் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேவும் அவரும் வகுத்த முறை 1925-இல் வெளியானது. அந்த அளவுகோல் கையிலிருந்ததால்தான் தசைக்குள் ஒளிந்திருந்த பாஸ்பரஸ் சேர்மங்கள் அகப்பட்டன. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கொள்கைக்கு 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்திருந்தது. பாஸ்போகிரியேட்டின் அதன் அடித்தளத்தை அசைத்தது. ஏ.டி.பி.யை அதே 1929-இல் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியே கண்டறிந்தார். இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை.

1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதன்முதலில் தற்காலிக நிவாரணமளித்த அமினாப்டெரின் என அவர் வழிநடத்திய குழுக்களின் பட்டியல் நீளும். 1948 ஆகஸ்டில், 53 வயதில் இறந்தார்.

ஏ.டி.பி.க்குத் தசையைவிட நுட்பமான வேலையொன்று உண்டு என்பது அதற்குப் பின்னரே தெரியவந்தது. 1950-களின் நடுவில், அதே பாஸ்டனில், மாலன் ஹோக்லாண்டும் பால் சமெக்னிக்கும் புரத உற்பத்தியின் முதற்படியைத் துலக்கினர். அமினோ அமிலம் தானாகப் புரதத்தில் சேர்வதில்லை. ஒரு நொதி அதைப் பிடித்து, ஒரு ஏ.டி.பி.யை உடைத்து, அந்த ஆற்றலைக் கொண்டு அதற்குரிய கடத்து ஆர்.என்.ஏ.யில் பிணைக்கிறது. பெரும்பாலான உயிரினங்களில் இருபது வகை அமினோ அமிலங்களுக்கு வகைக்கொன்றாக இந்த நொதிகள் உள்ளன. பிணைப்பு பிசகினால் பின்னால் திருத்த ஆளில்லை, ரைபோசோம் ஆர்.என்.ஏ.யின் குறியீட்டை மட்டுமே பார்க்கும், அது சுமந்துவரும் சரக்கைப் பார்க்காது. வேலினும் ஐசோலூசினும் ஒரே ஒரு கார்பன் அளவில்தான் வேறுபடுகின்றன. ஐசோலூசினுக்குரிய நொதி தவறுதலாக வேலினைப் பிடித்துவிட்டால், தானே கண்டுகொண்டு வெட்டி எறிகிறது. அப்படி வீணாகும் ஒவ்வொரு முறையும் செலவாவது சுப்பாராவின் ஏ.டி.பி.தான்.

நொதிகள் வெளிப்பட்டபோது அவர் இறந்து பத்தாண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. நோபல் பரிசு இறந்தவர்களுக்கு வழங்கப்படுவதில்லை. இந்திய அஞ்சல் துறை 1995-இல், அவருடைய நூற்றாண்டில், ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது.